முத்திரைக்குப் பின்னால் நிற்கும் சொல்

(பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளை ஒட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவில்பட்டிக்கு அருகே உள்ள கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்திருமேனிகளின் கீழே சிறுசிறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. இன்ன ஊரைச் சேர்ந்த, இன்ன குருவின் மாணாக்கராகிய இன்னார் செய்வித்தது என்பதே அவற்றுள் பலவற்றின் பொருள். திருக்கோட்டாற்றைச் சேர்ந்த அறவோர் பெயர்களும் அவற்றுள் இடம்பெறுகின்றன. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊரிலிருந்து வந்து திருப்பணி செய்தவரைக் கழுகுமலை மக்கள் நேரில் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் பெயர், ஊர், குரு என்னும் மூன்றும் கல்லில் நின்றன. ஐயம் கொண்டவர் அவ்வூருக்குச் சென்று கேட்டறியலாம்.

முகமறியாத ஒருவரை நம்புவதற்கு மனிதர் என்றும் இம்மூன்றையே கேட்டு வந்துள்ளனர். இவர் யார்? எங்கே இருக்கிறார்? இவருக்காகப் பேசுபவர் யார்? கைபேசித் திரையில் பொருள் வாங்குபவர் இன்று கேட்பதும் இவற்றையே. இக்கேள்விகளுக்கு விடையாக இணையக் கடைகள் காட்டும் நம்பிக்கை முத்திரைகளைப் பற்றியும், அவற்றை ஒரு சிராவக வணிகர் எவ்வாறு கையாள வேண்டும் என்பதைப் பற்றியும் இவ்வுரை அமைகிறது.

கோட்டாறு பழமையான வணிக ஊர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமி என்னும் அறிஞர் தம் நூலில் குறிக்கும் கொட்டியாரா என்னும் நகரம் இக்கோட்டாறே என்று வரலாற்றறிஞர் பலர் கருதுவர். இவ்வூரை அடுத்த நாகராசர் கோயிலின் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி அம்மை ஆகியோரின் உருவங்கள் இன்றும் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோர் அக்கோயிலோடு தொடர்பு கொண்டிருந்த செய்தியைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அறமும் வாணிகமும் அண்டை வீட்டாராய் வாழ்ந்த ஊர் இது.

கோட்டாற்றுக் கம்போளத்தில் பொருள் வாங்க வருபவர் கருப்பட்டியை உடைத்துப் பார்ப்பார். நல்லமிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். தராசின் முள் நடுவே நிற்கிறதா என்று நோக்குவார். கடைக்காரரின் தந்தையாரையும் அறிந்தவராக இருப்பார். இவ்வளவும் சேர்ந்ததே அவருடைய நம்பிக்கை. அக்கடைக்காரரின் மகன் ஓர் இணையக் கடையைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் அக்கடையில் காண்பது ஒரு படமும் ஒரு விலையும் மட்டுமே. உடைத்துப் பார்க்க இயலாது, முகர்ந்து பார்க்க இயலாது, தந்தையாரையும் தெரியாது. பொருளைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் இட்டவர், பணம் செலுத்தும் பக்கம் வந்ததும் தயங்கி வெளியேறிவிடுகிறார்.

இந்நிலையில் அவ்விளைஞருக்கு ஓர் அறிவுரை கிடைக்கிறது. "பணம் செலுத்தும் பொத்தானுக்கு அருகே நம்பிக்கை முத்திரைகளை வையுங்கள், விற்பனை உயரும்" என்பது அது. பூட்டுப் படம், கேடயப் படம், நூறு விழுக்காடு பாதுகாப்பு, சான்றளிக்கப்பட்ட விற்பனையாளர், அசல் பொருள் உறுதி என எத்தனையோ முத்திரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். வாங்குபவரின் அச்சம் குறையும் என்பதும் ஓரளவு உண்மையே. ஆயின், அம்முத்திரையை அவருக்குக் கொடுத்தவர் யார் என்ற வினாவை அந்த அறிவுரை எழுப்புவதில்லை.

வாங்குபவரின் அச்சம் பொருளற்றதன்று. 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிகளுக்கும் ஐயத்தோடு குறைந்த விலையே தருவார். அவ்விலைக்குக் கட்டுபடியாகாத நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டு விலகுவார். பழுதான வண்டிகளே எஞ்சும். அப்பணிக்காக 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார் அவர். சர்க்கரை கலவாத கருப்பட்டியை விற்கும் கோட்டாற்று வணிகருக்கு இது ஏட்டுக் கல்வியன்று. கலப்பட வெல்லத்தின் படமும் தூய கருப்பட்டியின் படமும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். விலை குறைந்ததே விற்கும். நேர்மையாளரை அடையாளம் காட்ட ஒரு குறி வேண்டும் என்பது உண்மையான தேவை.

அத்தேவையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளின்மேல் சோழ அரசின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அதே நகரில், உரிமையாளரின் பெயரும் அளவும் எழுதப்பட்ட பண்டப் பொதிகள் குவிந்து கிடந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஒன்று அரசின் முத்திரை. மற்றொன்று வணிகரின் சொந்தப் பெயர். இவ்விரண்டிற்கும் பின்னால் பொறுப்பேற்கும் ஒருவர் இருந்தார். புலிப்பொறியைப் பொய்யாக இட்டவரை அரசு தண்டிக்கும். பெயரை எழுதியவர் அப்பெயரோடு மறுநாளும் அதே அங்காடியில் நிற்க வேண்டும்.

பின்னால் நிற்பவர் உறங்கினால் முத்திரை என்னவாகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1997இல் தொடங்கப்பட்ட ட்ரஸ்ட்-ஈ என்னும் நிறுவனம், வாடிக்கையாளரின் அந்தரங்கத் தகவல்களை முறையாகக் காப்பதாகக் கூறும் இணையதளங்களுக்கு முத்திரை வழங்கி வந்தது. முத்திரைக்கான கட்டணத்தைச் செலுத்தியவர் அதைப் பெறும் தளத்தாரே. பென்ஜமின் எடல்மன் என்னும் ஆய்வாளர் 2006இல் அம்முத்திரை பெற்ற தளங்களையும் பெறாத தளங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முத்திரை பெற்றவற்றுள் நம்பத்தகாத தளங்கள் இருப்பதற்கான வாய்ப்பு, பெறாதவற்றைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது என்பது அவர் கண்ட முடிவு.

இதற்குக் காரணம் எளிதில் விளங்கும். பலகாலம் நல்ல பெயர் ஈட்டிய கடைக்கு வேறொருவரின் முத்திரை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. பெயர் இல்லாதவரே, சில வேளைகளில் மறைக்க வேண்டியது உள்ளவரே, அதை விரைந்து நாடுகின்றனர். வழங்குபவர் கண்டிப்பாகச் சோதித்தால் அவர்களை வடிகட்டலாம். கட்டணம் தருபவரையே சோதிக்க வேண்டியிருக்கும்போது அக்கண்டிப்பு தளர்கிறது. 2014 நவம்பரில் அமெரிக்க அரசின் கூட்டரசு வணிக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது குற்றச்சாட்டை வெளியிட்டது. ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்வதாக மக்களிடம் கூறிவிட்டு, 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அவ்வாறு செய்யவில்லை என்பது அது. 2 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. முத்திரை அதே பச்சை நிறத்தோடு ஒளிர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் இவ்வளவும் நிகழ்ந்தது.

முத்திரை பொய்யாக இல்லாதபோதும் அதைப் பார்ப்பவர் தவறாகப் பொருள்கொள்வது உண்டு. இணைய முகவரிக்கு அருகே தோன்றும் சிறு பூட்டுக் குறி எல்லோர்க்கும் பழக்கமானது. வாங்குபவரின் கைபேசிக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க இயலாது என்பது மட்டுமே அதன் பொருள். அத்தளத்தின் உரிமையாளர் நல்லவர் என்று அது சொல்வதில்லை. அதற்குரிய சான்றிதழை இன்று எவரும் இலவசமாக, சில நிமிடங்களில் பெறலாம். ஏமாற்றுத் தளங்களும் பெறுகின்றன. கூகுள் நிறுவனம் 2021இல் நடத்திய ஆய்வில் அப்பூட்டின் சரியான பொருளை அறிந்திருந்தவர் நூற்றுக்குப் பதினொருவர் மட்டுமே. 2023 செப்டம்பரில் தன் குரோம் உலாவியிலிருந்து அப்பூட்டுக் குறியை அந்நிறுவனம் நீக்கி, வேறொரு குறியை வைத்தது. வழி பாதுகாப்பானது என்பதை, வழியின் முடிவில் இருப்பவர் நேர்மையானவர் என்று மக்கள் கொண்டுவிட்டனர்.

சமணக் குடும்பங்களுக்கு மிகவும் அணுக்கமான முத்திரை ஒன்றிலும் இவ்வெல்லையைக் காணலாம். உணவுப் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டமாக அமைந்த குறி சைவ உணவைக் குறிக்கும். இந்தியாவில் சட்டப்படி நிலவும் அக்குறி கொல்லாமை நெறியினர்க்குப் பேருதவி. ஆயினும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளில் அசைவத்திற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலிருந்து பால், பால்பொருள்களோடு தேனும் விலக்கப்பட்டுள்ளது. எனவே தேன் கலந்த பண்டமும் பச்சைக் குறி பெறும். கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் நீக்குவதைச் சிராவகரின் மூலகுணங்களுள் வைத்தனர் ஆசாரியர்கள். பச்சைக் குறி பொய் சொல்லவில்லை. தன் விதி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்கிறது. அதற்குமேல் அறிய விரும்புபவர் பொட்டலத்தின் பின்புறமுள்ள சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். கிழங்கு, பூண்டு, வெங்காயம் சேராதது என்பதற்காகச் சில பண்டங்களில் அச்சிடப்படும் 'ஜெயின்' என்னும் சொல்லோ விற்பவரின் வாக்கு. அவ்வாக்கின் மதிப்பு விற்பவரின் மதிப்பே.

ஆக, எந்த முத்திரையைக் கண்டாலும் மூன்று வினாக்கள் கேட்கப்பட வேண்டும். கொடுத்தவர் யார்? அது எதற்கு மட்டும் சான்று? வாங்குபவர் தாமே அதைச் சரிபார்க்க வழி உண்டா? மூன்றாவது வினாவே உயிரானது. கழுகுமலைக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் இருப்பதன் பயனும் அதுவே.

இம்மூன்று வினாக்களுக்கும் விடையுள்ள முத்திரைகள் இந்தியாவில் பல உண்டு. தங்க நகைக்கான ஹால்மார்க் அவற்றுள் ஒன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறை, 2021 ஜூன் முதல் குறிப்பிட்ட மாவட்டங்களில் கட்டாயமாக்கப்பட்டது. நகையில் அமைவனத்தின் சின்னமும், 22 காரட் 916 போன்ற தூய்மைக் குறியும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமும் பொறிக்கப்படும். அவ்வாறிலக்க அடையாளம் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியானது. அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் அதை இட்டால் அந்நகையைப் பற்றிய விவரங்களைக் காணலாம். கோட்டாற்றில் விற்ற நகையைக் கோலாலம்பூரில் இருந்தும் சரிபார்க்கலாம்.

கோட்டாற்றுக்கு அண்மையிலுள்ள வடசேரியின் கைவினைஞர் செய்யும் கோயில் நகைகள் இம்முத்திரைப் பொருளை இன்னும் தெளிவாக விளக்கும். திருக்கோயில் திருமேனிகளுக்கு அணிவிக்கவென்று எழுந்த அக்கலை, பரதநாட்டிய மேடையிலும் மணப்பந்தலிலும் இடம்பெற்றது. வெள்ளியில் வடிவமைத்து, சிவந்த கெம்புக் கற்களைப் பதித்து, பொன்பூச்சிட்டு அவை செய்யப்படுகின்றன. நாகர்கோவில் கோயில் நகைகள் என்னும் பெயரில் 2007-08இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பதிவை வழங்கும் அலுவலகம் சென்னையில்தான் உள்ளது. கன்னியாகுமரி மட்டி வாழை, ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரிக் கிராம்பு ஆகியனவும் இம்மாவட்டம் பெற்ற புவிசார் குறியீடுகள்.

இன்று 'கோயில் நகை' என்று இணையத்தில் தேடுபவர்க்கு எங்கெங்கோ அச்சில் வார்த்த மலிவான நகைகளே முதலில் காட்சியளிக்கின்றன. கல்லைக் கையால் பதிக்கும் கைவினைஞரின் பல நாள் உழைப்பும் அச்சில் வார்த்த போலியும் ஒரே அளவுப் படமாய் அருகருகே நிற்கின்றன. போலியை வாங்கி ஏமாந்த ஒருவர் பிறகு அசலையும் நம்பமாட்டார். பழுதான வண்டிகளால் நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டு விலகியதுபோல், போலிகளால் வடசேரிக் கைவினைஞரின் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு விலகக்கூடும். பொய் முத்திரையால் இழப்பவர் வாங்குபவர் மட்டுமல்லர்; தலைமுறைகளாய்க் கைவந்த ஒரு கலையும் அதனால் அழியும்.

இங்கும் எல்லை உண்டு. புவிசார் குறியீடு அந்நகை எங்கே, எம்முறையில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்று; பொன்னின் தூய்மைக்குச் சான்றன்று. வெள்ளியில் பொன்பூச்சிட்ட நகைக்குத் தங்க ஹால்மார்க் பொருந்தாது. அதன் படத்துக்கருகே 916 என்று எழுதுவது, கைவினைஞரின் நேர்மையான பொருளையே பொய்யாக்கிவிடும். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துபவர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

சட்டம் தண்டிப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே ஆசாரியர்கள் இதைக் கடிந்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் சிராவகரின் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை, அதாவது விரதம் முற்றும் முறியாமல் மாசுபடும் வழிகளை, வகுத்துரைக்கிறது. கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள். குறைத்தும் கூட்டியும் அளக்கும் பொய் அளவை அவற்றுள் ஒன்று; போலியை அசலென்று விற்கும் பிரதிரூபக வியவகாரம் மற்றொன்று. வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக் கிரியை என்பது ஒன்று. பொய்யான ஆவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும் இந்நெறியையே இல்லறத்தார்க்கு உரைக்கின்றன.

இப்பட்டியலை ஒரு வணிகரின் நாட்குறிப்பு என்றே கொள்ளலாம். தமக்கு எவரும் வழங்காத முத்திரையை இணையத்திலிருந்து எடுத்துத் தம் கடையில் ஒட்டுவது கூடலேகம். தம் கடையைத் தாமே புகழ்ந்து வாடிக்கையாளர் பெயரில் கருத்துரை எழுதுவதும் கூடலேகம். இருப்பு நிறைய இருக்கும்போது 'இன்னும் இரண்டே உள்ளன' என்று திரையில் காட்டுவது வாய்மைக்கு மாசு. இவற்றை இந்நாட்டுச் சட்டமும் இன்று கடிகிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள், விற்பவர் தாமே நுகர்வோர்போல் கருத்துரை இடுவதைத் தடுக்கின்றன. 2023 நவம்பர் இறுதியில் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏய்க்கும் பதின்மூன்று திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தன. பொய்யாக அவசரமூட்டுவது அவற்றுள் ஒன்று.

"எல்லோரும் ஒட்டுகின்றனர்; ஒட்டாதவர் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று இளைஞர் சிலர் வருந்துவது நியாயமே. மாதக் கடைசியில் வாடகையும் கூலியும் கொடுக்க வேண்டியவர்க்கு உபதேசம் மட்டும் போதாது. அவர்கள் இழக்கும் விற்பனையை நேர்மையான வழியில் மீட்பதற்குச் செய்யத்தக்கவை உண்டு.

முதலாவது, உள்ள சான்றுகளை முழுமையாகக் காட்டுதல். உணவுப்பொருள் விற்பவரிடம் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அல்லது பதிவு எண் இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரிடம் பதினைந்து இலக்க எண் இருக்கும். இரண்டையும் அரசின் இணையதளங்களில் எவரும் சரிபார்க்கலாம். அக்மார்க் சான்று பெற்ற மசாலாவும் நெய்யும் விற்பவர் அதைக் காட்டலாம். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த மதிப்புள்ள குறி அது. பலர் இவ்வெண்களைப் பக்கத்தின் அடியில் கண்ணுக்கெட்டாத எழுத்தில் வைத்துவிட்டு, பொருளற்ற கேடயப் படத்தை நடுவே பெரிதாக வைக்கின்றனர். அவ்விரண்டையும் இடம் மாற்றினால் போதும். எண்ணுக்கருகே 'இங்கே சரிபார்க்கலாம்' என்று அரசுத் தளத்தின் இணைப்பையும் தருவது நன்று.

இரண்டாவது, பெயரும் ஊரும். கடையின் சட்டப் பெயர், கதவெண்ணோடு கூடிய முகவரி, மனிதர் எடுத்துப் பேசும் தொலைபேசி எண், குறைதீர்க்கும் பொறுப்பாளரின் பெயர் ஆகியவை வெளிப்படையாக இருக்க வேண்டும். முறையீட்டுக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பெறுதல் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. பொட்டலப் பொருளாயின் தயாரித்தவர் பெயர், நிகர எடை, அதிகபட்சச் சில்லறை விலை முதலியவற்றைத் திரையிலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள எடையளவுச் சட்ட விதி. கோட்டாறு என்னும் ஊர்ப்பெயரே ஒரு சான்று. தந்தையார் நடத்தும் கடையின் முகப்புப் படத்தை வைக்கும் மகனின் தளத்தைக் காண்பவர், வேண்டுமாயின் நேரில் சென்று பார்க்கலாம் என்று உணர்வார்.

மூன்றாவது, குறையை முன்னரே கூறுதல். ஏத்தங்காய் வற்றல் எவ்வெண்ணெயில் பொரித்தது, எத்தனை நாள் தாங்கும். கருப்பட்டி மழைக்காலத்தில் இளகும். கோயில் நகையின் பொன்பூச்சு வியர்வையில் காலப்போக்கில் மங்கும். இவற்றைச் சொல்பவரை வாங்குபவர் நம்புவார். கம்போளத்தில் மூத்த வணிகர், "அம்மா, இது பழைய சரக்கு, புதியது வியாழக்கிழமை வரும்" என்று சொல்லி அனுப்புவதுண்டு. அன்றைய விற்பனையை இழந்து ஆண்டுக்கணக்கான வாடிக்கையை அவர் ஈட்டுகிறார்.

நான்காவது, திருப்பி எடுத்துக்கொள்ளுதல். பழுதான பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுத்தலாகாது என்று விதியே கூறுகிறது. அதையும் கடந்து மனம் உவந்து ஏற்பவர் வாங்குபவரின் அச்சத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொள்கிறார். இந்தியாவில் இணைய வணிகம் வேரூன்றிய வரலாறும் இதையே காட்டும். 2010இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம் பொருளைக் கையில் பெற்றபின் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தது. கண்ணால் கண்டபின் பணம் கொடுக்கலாம் என்ற அந்த ஏற்பாடு, மக்களின் தயக்கம் எங்கே இருக்கிறது என்பதை அறிந்து செய்யப்பட்டது. பொய் முத்திரை ஒட்டுபவர் இழக்க எதுவுமில்லை. திருப்பி எடுப்பதாக வாக்களிப்பவர் பொருளில் குறையிருந்தால் தம் பணத்தை இழப்பார். ஆகவே குறையுள்ள பொருளை விற்பவர் அவ்வாக்கை எளிதில் தரமாட்டார். போலியாளரால் எளிதில் பின்பற்ற இயலாததே நல்ல முத்திரை.

வாங்கும் இல்லத்தாருக்கும் கடமை உண்டு. முத்திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது எங்கும் அழைத்துச் செல்லாத வெறும் படமாயின் அதைச் சான்றாகக் கொள்ளலாகாது. உரிம எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பணம் செலுத்துமுன் திரையில் தோன்றும் வங்கிக் கணக்குப் பெயர் கடையின் பெயரோடு பொருந்துகிறதா என்று நோக்க வேண்டும். முதல்முறை சிறு தொகைக்கே வாங்கிப் பார்ப்பது நன்று. விளம்பரத்துக்கு மாறான பொருள் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; பணமே மோசடியாகப் பறிபோனால் 1930. நல்ல பொருள் அனுப்பியவரைப் பற்றி நான்கு சொல் உண்மையாக எழுதுவதும் அறமே. பெயரில்லாத சிறு வணிகருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

மதுரையில் ஒரு சிலம்பு வழக்குக்கு வந்த கதையைத் தமிழ்ச் சமணம் மறவாது. புறத்தோற்றத்தில் அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் ஒன்றே. பொற்கொல்லன் சொல்லை அரசவைக்கு அணுக்கமானவன் என்பதற்காகவே பாண்டியன் ஏற்றான். உள்ளே இருப்பது என்ன என்று கேட்கவில்லை. கண்ணகி தன் சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. சரிபார்க்காமல் ஏற்ற ஒரு சொல்லுக்கு விலையாக ஓர் உயிரும், ஓர் அரசும், ஒரு நகரும் சென்றன. உடைத்துப் பார்த்தாலும் மாறாத பொருளை விற்பவர்க்கே முத்திரை அணி செய்யும்.

பகவான் வீடுபேறு எய்திய நாளில் விளக்கேற்றுவது அறிவொளியின் நினைவாக. அதே நாளை ஒட்டியே இணையக் கடைகளில் விற்பனை பெருகுகிறது. அதே நாள்களில் பொய்யும் பெருகுகிறது. இவ்வாண்டு விளக்கேற்றும் வணிகக் குடும்பத்தார் தம் கடையின் திரையையும் ஒருமுறை ஏற்றிய விளக்கின் ஒளியில் பார்ப்பார்களாக. தமக்கு உரியதல்லாத குறி ஒன்று அங்கிருப்பின் அன்றிரவே அதை நீக்குவார்களாக. அவ்விடத்தில் தம் பெயரையும் ஊரையும் எழுதுவார்களாக. திருக்கோட்டாற்று அறவோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் எழுதிவைத்ததும் அவ்வளவே. அது இன்றும் அழியவில்லை.

அறம் வளர்க. அனைவர்க்கும் தீபாவளித் திருநாள் நல்வாழ்த்துகள்.